எங்கள் சாதியைத் தேடி மதுரைக்கு

மதுரை விமான நிலையத்தில் இறங்கியவர்கள் நானும் மாசிலாமணி மாமாவும். வராதவர்கள் மூன்று: கல்யாணப் பெண்ணான என் ஸ்டெல்லா அக்கா, அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற விக்டர், அப்புறம் எங்கள் சாதி. முதல் இருவரும் இலங்கை மலைநாட்டில், தேயிலைத் தோட்டத்தில் இருந்தார்கள். மூன்றாவது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்து ஊருக்குக் கொண்டுபோகத்தான் கடல் தாண்டி வந்திருந்தோம்.

மாசிலாமணி மாமா விக்டரின் தாய்மாமன். தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். கொழுந்து நிறுக்கும்போது கிலோவுக்குக் கொஞ்சம் குறைத்தே பழகிய கை, இப்போது சபைச் செயலாளராகக் காணிக்கைத் தட்டைப் பிடிக்கிறது. அவர் பெண் பார்க்க, தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக்கு வந்தபோது அம்மா கொடுத்த தேநீரைக் குடிக்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லி, மூடி திறக்காத சோடா ஒன்று வாங்கிவரச் சொன்னார். இத்தனைக்கும் எங்கள் சபையில் திருவிருந்துக்கு எல்லோருக்கும் ஒரே கிண்ணம்தான். என் அம்மா வாய் வைத்த கிண்ணத்தில் அடுத்ததாக வாய் வைக்கிறவர் அவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வயிறு நன்றாக இருக்கும் போலிருக்கிறது.

சோடாவைக் குடித்து முடித்த பிறகு கேட்டார்: "பூர்வீகம் எந்தப் பக்கம்?"

அப்பா உயிரோடு இல்லை. அம்மாவுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். உசிலம்பட்டிக்கு மேற்கே ஏதோ ஒரு ஊர். ஒத்தப்பனைக் கருப்பு என்று ஒரு சாமி. நாங்கள் ஞானஸ்நானம் பெற்று மூன்று தலைமுறை ஆகியும், அப்பா மாசி மாதத்தில் ஒருநாள் பொங்கல் வைத்து ஜெபம் செய்வார். வாசலில் இடம் இருந்தும், லயத்துக்கு முன்னால் சாக்கடை போகும் கான் இருக்கிறதே, அதைத் தாண்டி அந்தப் பக்கம்தான் அடுப்பு வைப்பார். புகை வீட்டுக்குள் வரும் என்பார். போதகரிடம் அறுவடை ஸ்தோத்திரம் என்று சொல்லிவைத்திருந்தோம். எங்களுக்கு அறுவடை செய்யத் தேயிலையைத் தவிர வேறொன்றும் கிடையாது, அதுவும் எங்களுடையது கிடையாது. போதகர் அதையெல்லாம் கேட்கவில்லை.

"நாங்க சாதி பாக்கிறவங்க இல்ல தம்பி," என்றார் மாமா. "தெரிஞ்சுக்கிறோம், அவ்வளவுதான். குலசாமி தெரிஞ்சா ஆளு தெரிஞ்சிரும்."

அவர் தெரிந்துகொள்ளும்வரை சபையில் திருமண ஓலை, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்ற அறிவிப்பு, வாசிக்கப்படாது. ஓலையில் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும். ஆக, ஒரு கிறிஸ்தவக் கல்யாணத்துக்குக் கருப்பசாமி நற்சான்று கொடுக்க வேண்டியதாயிற்று.

நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொன்னவள் அக்காதான். செலவில் பாதிக்குமேல் தானே போடுவதாகவும் சொன்னாள். அது அவள் பஜார் துணிக்கடையில் கால் கடுக்க நின்று நகைக்கென்று சேர்த்த காசு. எங்கள் லயத்திலிருந்து முதன்முதலாகப் படித்துத் தேறி வாத்தியாரானவன் நான். அந்தப் படிப்புக்குச் செலவானதும் பெரும்பாலும் அவள் காசு. "மாமா கண்ணால பாத்துட்டா அவருக்கு மனசு ஆறிடும்," என்றாள். அவள் பொறுமையை மெச்சிக்கொண்டே கிளம்பினேன்.

முதல் நாள் முழுக்கத் தங்குவதற்கு இடம் தேடினோம். ரயில் நிலையத்துக்கு எதிரில் இருந்த லாட்ஜில் மேலாளர் முகமெல்லாம் சிரிப்பாக வரவேற்றார். பாஸ்போர்ட்டை நீட்டினேன். சிரிப்பு பாதியில் நின்றது.

"தமிழ்தானண்ணே பேசுறீங்க, அப்பறம் என்னத்துக்கு இந்தப் புக்கு?"

"சிலோன்ல இருந்து வர்றோம்."

"சிலோன்னா போலீஸ் ஸ்டேசனுக்குத் தகவல் குடுக்கணும், அது இதும்பாங்க. நமக்கு எதுக்குண்ணே வம்பு." அவர் தலைக்குப் பின்னால், உலகெங்கும் இருந்து வரும் விருந்தினரை வரவேற்பதாக ஒரு பலகை மாட்டியிருந்தது. அவர் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியா தம்பி, இதுக்குத்தான் சொல்றது, நம்ம ஆளுங்க நமக்குன்னு இருக்கணும்," என்று மாமா என்னை ஒரு கிறிஸ்தவ விடுதிக்கு அழைத்துப் போனார். வாசலில் காவலாளி நாற்காலியைவிட்டு எழாமலே கேட்டார்: "என்ன சபை?"

மாமா எங்கள் சபையின் பெயரைச் சொன்னார். மடியில் வைத்திருந்த போதகர் கடிதத்தையும் எடுத்தார்.

"இது வேற சபைண்ணே."

"எல்லாருக்கும் ஆண்டவர் ஒருத்தர்தானே?"

"அவரு ஒருத்தர்தான். ரூமு சபைவாரியா."

கடைசியில் எங்களைச் சேர்த்துக்கொண்டவர் ஜமால் பாய். பழைய நகரத்தில் பள்ளிவாசலுக்குப் பக்கத்துத் தெரு. ஒரு காலத்தில் கொழும்புக்குச் சாரம், அதாவது கைலி, ஏற்றுமதி செய்தவர். அக்கா வேலை செய்யும் துணிக்கடை முதலாளி அவர் நம்பரைக் கொடுத்திருந்தார். ஸ்டேஷனில் தானே சொல்லிக்கொள்வதாகச் சொல்லி, மொட்டை மாடி அறையைத் திறந்துவிட்டார்.

"ஒண்ணே ஒண்ணு, தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் மாமாவிடம். "வேதக்காரவுகன்னா தண்ணி போடுவாகன்னு வீட்ல ஒரு எண்ணம். இங்க வேணாம்."

மாமா வாழ்நாள் முழுக்க மதுவிலக்குப் பிரசங்கம் செய்தவர். எங்கள் தோட்டத்தில் அவர் பேச்சைக் கேட்கப் பயந்தே பலர் குடித்திருக்கிறார்கள். அவர் முகம் போன போக்கைப் பார்க்க, விமானக் கட்டணம் கொஞ்சம் செரித்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தெருமுனைக் கடை. மாமா வழக்கம்போலக் கண்ணை மூடி உரக்க ஜெபித்தார். அவர் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறப்பதற்குள், பரிமாறுகிறவர் பரோட்டாவைப் பிய்த்துப்போட்டுச் சால்னாவை ஊற்றிவிட்டுப் போயிருந்தார். பக்கத்தில் இருந்தவர் இலையோடு வேறு மேசைக்கு மாறியிருந்தார். எங்கள் ஊரில் ரொட்டி ஒரு பக்கம், சம்பல் ஒரு பக்கம், தொட்டுக்கொள்வோம். இங்கே பரோட்டா கண்ணுக்கே தெரியாமல் மூழ்கிக் கிடந்தது. ஞானஸ்நானம் முழுக்கா தெளிப்பா என்று எங்கள் ஊர்ச் சபைகளுக்குள் தீராத சண்டை உண்டு. மதுரை முழுக்குக் கட்சி. அன்றைக்கு நானும் அதில் சேர்ந்தேன்.

திரும்பி வந்தபோது கீழ்வீட்டில் ஜமால் பாயும் அவர் மனைவியும் உருதுவில் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். மாடிப்படியில் எங்களைப் பார்த்ததும் பாய் சங்கடமாகச் சிரித்து, கேட்காமலே மொழிபெயர்த்தார்.

"மகளுக்கு ஒரு எடம் வந்திருக்கு. பையன் தங்கம். ஆனா அவுங்க வீட்ல தமிழ் பேசுறவங்க. 'நாளைக்கு மாமியாக்காரி கூட எம்பொண்ணு எந்தப் பாசையில சண்டை போடுவா'ங்கிறா."

"உங்க மார்க்கத்துல பிரிவு கிடையாதுன்னு சொல்வாங்களே பாய்," என்றார் மாமா, தண்ணி விஷயத்துக்குப் பழி தீர்த்துக்கொள்ளும் குரலில்.

"கெடையாது. அதெல்லாம் கெடையவே கெடையாது," என்றார் பாய். "இது சும்மா, கல்யாணத்துக்கு மட்டும்."

இரண்டாம் நாள் கே.கே. நகர். எங்கள் போதகருக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அங்கே இருந்தது. வீட்டுக்காரர் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். சபைக் காரியங்களில் ஊரறிந்த ஆள், உசிலம்பட்டிப் பக்கத்து மனிதர்களையெல்லாம் அவருக்குத் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். சாமுவேல் சார் என்றுதான் அழைக்க வேண்டும் என்று மாமா தெருவிலேயே எனக்குப் பழக்கினார். வாசலில் வசனம், உள்ளே போனால் வசனம், கடிகாரத்துக்குள்ளும் வசனம்.

"சொந்த ஊர் எது?" என்றார் சாமுவேல் சார்.

மாமா மலைநாட்டில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார்.

"அதைக் கேக்கல. சொந்த ஊர்."

மாமா இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தவர்போல நிமிர்ந்தார். "எங்க பூர்வீகம் அழகர்கோவில் பக்கம் சார். பெரிய வீடு, மாடு கன்னு, நெலபுலன் எல்லாம் இருந்துச்சு. தம்பி வீட்டு விஷயம்தான் தெரியல, அதுக்குத்தான் வந்தோம்."

"அழகர்கோவில் பக்கம்னா எந்த ஊரு?"

"அது... பக்கத்துலதான் சார்."

"தெரு?"

மாமா என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அன்பு எல்லாவற்றையும் தாங்கும் என்பதாக அதில் எழுதியிருந்தது.

"எந்தக் கங்காணி கூட்டிட்டுப் போனான்னாவது தெரியுமா? சரி விடுங்க. தோட்டக்காட்டுக்குப் போனவங்கன்னா பெரும்பாலும் யாருன்னு நமக்குத் தெரியாதா என்ன. நாங்க அதெல்லாம் பாக்கிறதில்ல."

காப்பி வந்தது. சாமுவேல் சாருக்கும் அவர் வீட்டம்மாவுக்கும் எவர்சில்வர் டம்ளரில். எங்கள் இருவருக்கும் பேப்பர் கப்பில். "குடிச்சிட்டு அந்தக் கூடையில போட்டுருங்க," என்றார் அந்த வீட்டம்மா அன்பாக. "உங்களுக்கும் வசதி."

தெருவுக்கு வந்து பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தோம். ஸ்கூட்டர்களும் பள்ளிக்கூட வேன்களும் போய்க்கொண்டிருந்தன. நான் எட்டாம் வகுப்புக்குக் குடியியல் பாடத்தில் பன்முகப் பண்பாடு என்ற அத்தியாயம் நடத்துகிறவன். அதில் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றும் வரிசையாக நிற்கும் படம் ஒன்று உண்டு. பேப்பர் கப் படம் இல்லை.

"பேப்பர் கப்புதான் தம்பி சுகாதாரம்," என்றார் மாமா கடைசியில்.

"ஆமா மாமா. சோடா மாதிரி."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நடையை வேகமாக்கினார்.

ஆனால் அடிபட்ட இடம் அரிக்கும் அல்லவா. தம் பூர்வீகத்தை அப்போதே பார்த்தாக வேண்டும் என்று அழகர்கோவில் பஸ்ஸில் ஏற்றினார். பஸ்ஸில் பாதிப் பேர் பக்தர்கள், மீதிப் பேர் பக்தர்களின் கூடைகள். மலையடிவாரத்தில் இறங்கி, தேங்காய் விற்கிறவரிடமும் ஆட்டோக்காரரிடமும் பெரிய வீடு ஒன்றைப் பற்றி விசாரித்தார். "பெரிய வீடா? அந்தா அழகர் இருக்காருல்ல, அவரு வீடுதான் இங்க பெருசு," என்றார் ஆட்டோக்காரர்.

பெரிய வீடு கிடைக்கவில்லை. தோசை கிடைத்தது. அழகர்கோவில் தோசை என்பது பெயருக்குத்தான் தோசை. தடிமனில் ஒரு சிறிய மெத்தை. மிளகும் நெய்யும் மணக்கும். மாமா ஒன்றைத் தின்று முடித்து, இரண்டாவதை வாங்கினார்.

"சாமிக்குப் படைச்ச பிரசாதம் மாமா," என்றேன்.

"தோசைதானே தம்பி. மனசு சுத்தமா இருந்தாப் போதும்."

பாதியில் ஒரு குரங்கு வந்து அந்த இரண்டாவதைப் பிடுங்கிக்கொண்டு போனது. அது எந்தத் தெரு என்று கேட்கவில்லை.

அன்று மாலை ஜமால் பாய் நல்ல செய்தியோடு காத்திருந்தார். நாலைந்து பேரிடம் விசாரித்து, உசிலம்பட்டிக்காரரான ஒரு கார் டிரைவரைப் பிடித்துவைத்திருந்தார். பெயர் பாண்டி. என் வயது இருக்கும், என்னையும் அண்ணே என்றார், மாமாவையும் அண்ணே என்றார், தெருவில் போன மாட்டைக்கூட ஒருமுறை அண்ணே என்றார்.

"ஒத்தப்பனைக் கருப்பா? எங்க சாமில்லண்ணே அது. சிவராத்திரிக்கு எங்க ஆளுக பூராம் அங்கதான் கெடக்காக. நாளைக்குப் பகல்ல பொங்கல் இருக்கு, நானே கூட்டிட்டுப் போறேன். எம்புட்டுன்னு எல்லாம் கேக்காதீங்க, டீசல் போட்டுவிடுங்க, போதும்." பிறகு எம்புட்டு என்று சொல்லவும் செய்தார்.

மாமாவின் கண்ணில் வெளிச்சம் வந்தது. பாண்டியின் கழுத்துச் சங்கிலியையும் காரையும் பார்த்தார். குலசாமி ஒன்றென்றால் ஆளும் ஒன்று. "கர்த்தர் வழி திறக்கிறார் தம்பி," என்று என் தோளைத் தட்டினார். என் அக்காவுக்கு அந்த நிமிடத்தில் பாதிக் கல்யாணம் முடிந்திருந்தது.

மூன்றாம் நாள் காலை கர்த்தர் திறந்த வழியை உசிலம்பட்டிக்கு முன்னாலேயே கருப்பு அடைத்துவிட்டார். மாசித் திருவிழாவுக்குச் சாமியின் துணிமணிகளைப் பெட்டியில் வைத்துத் தலையில் சுமந்து, மேளத்தோடு கூட்டமாக நடந்து போவார்கள். எங்கள் முன்னால் ஒரு பெட்டி. அதை முந்தக்கூடாது. ஆள் நடக்கிற வேகத்தில் போய்ப்போய்க் காரில் தண்ணீர் கொதித்து, மூடியிலிருந்து ஆவி வந்தது.

பாண்டி போனை எடுத்தார். "மாப்ள, எங்கடா இருக்க? நான் பெட்டிக்குப் பின்னாடி வெந்துக்கிட்டு இருக்கேன். அடுப்பப் பத்த வச்சுட்டீகளா? கறி எனக்கும் எடுத்து வைங்கடா, ரெண்டு விருந்தாளுக வாராக. சிலோனு. ஆமா, நம்மாளுக மாதிரித்தான் தெரியுது."

நம்மாளுக மாதிரி என்ற சொல்லைக் கேட்டு மாமா குடிதண்ணீர்ப் பாட்டிலைத் தாமே முன்வந்து காருக்குக் கொடுத்தார். அது குடித்துத் தணிந்தபின், மானாவாரிக் காடுகளுக்கு நடுவே மண் சாலையில் மீண்டும் நகர்ந்தோம். கண்ணுக்கெட்டியவரை காய்ந்த சோளத்தட்டையும் சீமைக்கருவேலும். எங்கள் ஊரில் இந்த மாதம் பனி இறங்கும். இத்தனை வெயிலைவிட்டு எங்கள் ஆட்கள் ஏன் அந்தக் குளிருக்கு ஓடினார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். பஞ்சம் என்று பாடத்தில் இருக்கிறது. பாடத்தில் ஒரு காரணம்தான் இருக்கும்.

கோயில் என்றால் கோபுரம் கிடையாது. இடுப்பளவு மதில், உள்ளே ஒரு பீடம், நட்டுவைத்த அரிவாள்கள். ஒற்றைப் பனை எப்போதோ விழுந்துவிட்டதாம். திருவிழாக் கடைகள், பலூன், ஐஸ் வண்டி. மதிலுக்குள் பாண்டியின் குடும்பம் எங்களை உட்காரவைத்து இலையில் பொங்கலும் கறியும் போட்டது. மாமா அன்றைக்கு ஜெபத்தை மனதுக்குள் முடித்துக்கொண்டார். நன்றாகச் சாப்பிட்டார். பாண்டியின் மாமனாரிடம், "சம்பந்தி முறை வருதோ என்னமோ," என்று சிரித்துக்கொண்டே தாம்பூலமும் வாங்கிக்கொண்டார்.

"எல்லாம் சரித்தாண்ணே," என்றார் பாண்டியின் மாமனார். "தம்பி வீட்ல எந்த அடுப்பு?"

எனக்குப் புரியவில்லை. பாண்டி விளக்கினார்.

"சாமி எல்லாருக்கும் பொதுண்ணே, அதுல ஒண்ணும் வித்தியாசம் கெடையாது. அடுப்புத்தான் வேற வேற. சுவத்துக்குள்ள நாங்க. அந்தப் புளியமரத்தடியில வேற ஆளுக. ஓடைக்கு அங்கிட்டு..." கொஞ்சம் நிறுத்தினார். "அவுகளும் கும்புடுவாக. பூசாரி மணி அடிச்சா அங்க வரைக்கும் கேக்கும்."

"உள்ளதான், உள்ளதான்," என்றார் மாமா எனக்குப் பதிலாக. "பாத்தாலே தெரியுதே."

நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம். மாமா ஊருக்குப் போய்க் கையெழுத்துப் போடுவார், மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள், அக்கா கல்யாணச் சேலை கட்டுவாள். தலையை ஆட்டத்தான் நினைத்தேன்.

அதற்குள் ஓடையைப் பார்த்துவிட்டேன். தண்ணீர் இல்லாத ஓடை. அதற்கு அந்தப் பக்கம் வரிசையாக அடுப்புகள். ஒவ்வொரு அடுப்புக்குப் பின்னாலும் நின்றவர்கள் ஓடையைத் தாண்டாமல், இந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் அப்பா கானுக்கு அந்தப் பக்கம் நின்று, எங்கள் வீட்டு வாசலைப் பார்த்துக் கைகூப்பியதுபோல. அதே தூரம்தான் இருக்கும். புகை வீட்டுக்குள் வரும் என்பது அவருக்கு யாரோ சொன்னது. அவருக்குச் சொன்னவருக்கும் யாரோ சொன்னது. கப்பல் ஏறி, மலை ஏறி, மதம் மாறி, சொந்த வீட்டு வாசலிலேயே உள்ளே வர உரிமை இல்லாதவர்போல அடுப்பு வைத்திருக்கிறோம். அதற்கு ஸ்தோத்திரம் என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

எழுந்து ஓடையில் இறங்கினேன். மாமா பின்னாலேயே வந்தார், "தம்பி, எங்க போற, தம்பி," என்று. பாண்டி கரையோடு நின்றுகொண்டார். "நான் இங்கனயே இருக்கேண்ணே. செருப்புல முள்ளு ஏறிருச்சு."

அந்தப் பக்கம் முதல் அடுப்பில் பொங்கலைக் கிண்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கலாம். பேச்சியக்கா என்று மற்றவர்கள் கூப்பிட்டார்கள். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருப்பா நீயி?"

"சிலோன்லருந்து வர்றேன். எங்க வீட்டுலயும் இந்தச் சாமிக்குப் பொங்கல் வைப்போம். கானுக்கு, அதாவது சாக்கடைக்கு, அந்தப் பக்கம் நின்னு."

"அப்ப நம்ம பயதான்," என்றார் உடனே, கரண்டியை நிறுத்தாமல். அவ்வளவு சுலபம். இதற்கு சாமுவேல் சார் தெரு கேட்டார். "சிலோனுக்குப் போன நம்மாளுக அம்புட்டுப் பேரு இருக்காகய்யா. ஒக்காரு. கல்யாணம் ஆயிருச்சா?"

"எனக்கு இல்ல, அக்காவுக்குத்தான். நாங்க கிறிஸ்தவங்க."

"வேதக்காரவுகளா? சரித்தான். அங்க எப்பிடின்னு தெரியல. இங்க வேதத்துக்குப் போனா சர்ட்டிபிகேட்டு போயிருது, சாதி போக மாட்டேங்குது." பக்கத்து அடுப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "கறி திம்பேல்ல? பொங்கல் வேணாம்னா வச்சிரு, பெறகு ஒங்க பாதிரியாரு வைவாரு."

இலை போட்டார். சாப்பிட்டேன். ருசி மதிலுக்குள் சாப்பிட்டதைப் போலவே இருந்தது, உப்பு மட்டும் சரியாக இருந்தது. மாமாவுக்கும் ஓர் இலை நீட்டினார். மாமா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"படைச்சதச் சாப்பிடக்கூடாதும்மா. எங்க வேதத்துல அப்படி."

அழகர்கோவில் தோசை என் கண்முன் வந்து போனது. மதிலுக்குள் தின்ற பொங்கலின் பருக்கை ஒன்று இன்னும் அவர் சட்டையில் இருந்தது. பேச்சியக்கா அதைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், இலையைத் திரும்பி வாங்கிக்கொண்டார். அவருக்கு இது புதிதல்ல என்று தெரிந்தது.

"தண்ணியாச்சும் குடிக்கிறீகளா?"

"வயிறு சரியில்ல," என்றார் மாமா. பிறகு கரையை நோக்கிக் கொஞ்சம் உரக்க: "பாண்டி, கடையில ஒரு சோடா வாங்கு. மூடி திறக்க வேணாம்."

நான் இலையை மடித்துவிட்டு எழுந்து, கடைசியில் தனியாக எரிந்துகொண்டிருந்த ஓர் அடுப்பைப் பார்த்து நடந்தேன். பேச்சியக்கா பின்னாலிருந்து கூப்பிட்டார். "ஏய்யா, அங்கிட்டுப் போகாத. அவுக நம்மளுக்குக் கீழ."

எனக்கு ஒரு சாதி கிடைத்து முழுதாகப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. அதற்குள் எனக்குக் கீழேயும் ஓர் ஆள் கிடைத்துவிட்டார். நான் அங்கேயும் போனேன். அந்த அடுப்பில் இருந்தவர் நான் பேச்சியக்கா பக்கமிருந்து வருவதைப் பார்த்து எழுந்து நின்றார். உட்காருங்கள் என்று சொல்லிப்பார்த்தேன். நான் திரும்பிப் போகும்வரை அவர் உட்காரவில்லை.

திரும்பும் வழியில் பாண்டி அண்ணே என்பதை நிறுத்திவிட்டு, என்னிடம் தம்பி என்று ஆரம்பித்தார். மாமாவுக்கு மட்டும் அண்ணே தொடர்ந்தது.

நான்காம் நாள், மொட்டை மாடியில், மாமா தீர்ப்புச் சொன்னார். காலை ஜெபத்தை முடித்துவிட்டுத்தான்.

"தம்பி, நாங்க பாக்கிறவங்க இல்ல. நீ படிச்ச பிள்ள, உனக்குத் தெரியும். ஆனா விக்டரோட அம்மா இருக்காளே, என் தங்கச்சி, பலவீனமான பொம்பள. நெஞ்சு தாங்க மாட்டா. அவளுக்காகத்தான் சொல்றேன். ஓலை வேண்டாம், இதோட விட்டுரலாம்."

அக்காவுக்கு எப்படிச் சொல்வது என்று கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போய் நின்றேன். ஜிகர்தண்டா வண்டிக்காரர் கீழே கண்ணாடி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரே வாளியில், எல்லா டம்ளரையும். போன் போட்டேன்.

"என்னடா, கருப்பு என்ன சொல்லிச்சு?" என்றாள்.

"அக்கா, மாமா வேணாங்கிறாரு."

"அப்படியா. அப்ப நாங்க செஞ்சது சரிதான்."

"என்ன செஞ்சீங்க?"

"நேத்து கல்யாணத்த எழுதிட்டோம். பதிவாளர் கந்தோர்ல."

எனக்குக் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. "அப்ப எங்கள எதுக்குக்கா அனுப்பினே?"

"கந்தோர் கிளாக்கர் யாரு? மாமா கூட சபையில உக்காருறவரு. இவரு ஊர்ல இருந்தா நாங்க வாசப்படி ஏறும் முன்னாடி ஆளு அனுப்பியிருப்பாரு. மனுசன நாலு நாளைக்கு வெளிய தள்ளணும். யாத்திரை போங்கன்னா போவாரா? சாதிய தேடிப் போங்கன்னாத்தான் அவரு எங்கயும் போவாரு."

"என்னையும் ஏன்?"

"தனியா போனா ரெண்டாம் நாளே திரும்பிடுவாரு. நீ கூட இருந்தா பாடம் நடத்திக்கிட்டே நேரத்த ஓட்டிடுவே."

பேச்சை மாற்றினேன். கானைப் பற்றிச் சொன்னேன். ஓடை, அடுப்பு வரிசை, அந்தப் பக்கம் நின்று கும்பிட்டவர்கள். அப்பா போன பிறகு அந்த அடுப்பை வைப்பது அவள்தான்.

"புகைக்குன்னுதானேடா சொன்னாரு," என்றாள்.

"இல்லக்கா."

"சரி. அடுத்த மாசி வாசல்லயே வெச்சிடுறேன். புகைஞ்சா புகையட்டும்."

நான் திரும்பியபோது மாமாவின் போனும் அடித்துக்கொண்டிருந்தது. கேட்டார். ஆமென் சொல்லும் நேரம்கூட ஆகவில்லை, கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அவர் முதலில் கேட்டது பெண்ணைப் பற்றியும் இல்லை, மாப்பிள்ளையைப் பற்றியும் இல்லை.

"சாட்சி யார் போட்டது?"

அந்தப் பக்கம் சொன்னது எனக்கே கேட்டது. ஒருவர் என் அம்மா. இன்னொருவர் விக்டரின் அம்மா, நெஞ்சு தாங்காத அந்தப் பலவீனமான பொம்பள. எழுதிவிட்டு எங்கள் லயத்துக்கு வந்து தேநீர் குடித்தாராம். இரண்டாவது கோப்பையும் கேட்டாராம்.

மாமா போனை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் பள்ளிவாசல் பக்கம் பார்த்தார். பிறகு, "ஆக மொத்தம் எவ்வளவு தம்பி ஆச்சு?" என்றார்.

கூட்டிச் சொன்னேன். விமானம், விசா, பாய் எவ்வளவோ மறுத்தும் அவர் கையில் திணித்த வாடகை, பாண்டியின் டீசலும் பாண்டியும், குரங்கு தின்றது உட்படத் தோசை, என் பையிலிருந்து போன சோடா இருபது ரூபாய், எல்லாம் சேர்த்து இலங்கைக் காசில் இரண்டு லட்சத்துப் பதினோராயிரத்து அறுநூறு.